தீவனத்துல கை வைக்காதீங்க, எருவ எடுத்துக்கங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாளா பெட்ரோல்ல எத்தனால் கலக்குறத பத்தி உங்க பேப்பருக்கு வாசகர்கள் நிறைய பேர் எழுதுறாங்க, எல்லாமே வண்டி மைலேஜ் குறையுது, ரப்பர் டியூப் போயிருது, பழைய வண்டிக்கு ஆகாதுங்கிற புகார் தான். நியாயமான புகார் தாங்க, நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே பழைய டிசைன் கார்ல இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஊத்தினா 6ல இருந்து 7 சதவீதம் வரைக்கும் மைலேஜ் அடிபடும், டூவீலர்ல 3ல இருந்து 4 சதவீதம்னு எழுதியிருக்காங்க, எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும்னு ஒருத்தர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாரு, 2025 செப்டம்பர்ல அதையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. சரி, அது வண்டிக்காரங்க பிரச்சனை. நான் நாமக்கல் பக்கம் லேயர், அதாவது முட்டைக்கோழிப் பண்ணை வச்சிருக்கறவன், எனக்கு இருக்கிற கேள்வி வேற. பங்க்ல ஊத்துற அந்த எத்தனால் எதுல இருந்து வருதுன்னு யாராவது கேக்குறாங்களா?

கரும்புன்னு தான் இன்னமும் முக்காவாசி பேர் நெனச்சிட்டு இருக்காங்க. நம்ம ஊர்ல எத்தனால்னா கரும்பாலை, அதுல மிஞ்சுற கழிவுப்பாகு மொலாசஸ், அதுல இருந்து ஸ்பிரிட், அவ்வளவு தானேன்னு. அது பழைய கதை. இன்னைக்கு இந்தியாவுல பெட்ரோல்ல கலக்குற எத்தனாலுக்கு முதல் இடத்துல இருக்கிறது மக்காச்சோளம். இது எப்படி ஆச்சுன்னு பாத்தா கொஞ்சம் வேடிக்கையா இருக்கும். 2018ல உயிரி எரிபொருள் கொள்கை வந்தப்ப 20 சதவீதம் கலக்குறதுக்கு 2030 வரைக்கும் டைம் வச்சிருந்தாங்க, அப்புறம் 2022ல கொள்கைய திருத்தி 2025-26க்குன்னு முன்னாடி இழுத்துட்டாங்க. டார்கெட்ட முன்னாடி இழுத்தாச்சு, சரக்கு எங்க? 2023 ஜூலையில அரிசி விலை ஏறுதுன்னு எஃப்.சி.ஐ., அதாவது இந்திய உணவுக் கழகத்து அரிசிய எத்தனாலுக்கு குடுக்குறத நிறுத்துனாங்க, அதே வருஷம் டிசம்பர்ல மழை சரியில்ல, சர்க்கரை பத்தாம போயிரும்னு கரும்புச்சாறுல இருந்து எத்தனால் எடுக்க கட்டுப்பாடு போட்டாங்க. ரேஷன் அரிசிக்கு ஆபத்துன்னா நிறுத்தலாம், சர்க்கரைக்கு ஆபத்துன்னா நிறுத்தலாம், மிச்சம் இருந்தது மக்காச்சோளம், அது மனுஷன் சாப்பாடு இல்ல, கோழி சாப்பாடு தானேன்னு நெனச்சாங்களோ என்னவோ, அந்த எத்தனாலுக்கு மட்டும் லிட்டர் 71 ரூபாய் 86 காசுன்னு மத்த எல்லாத்தையும் விட கூடுதலா விலை வச்சு தள்ளிவிட்டாங்க.

அந்த 71.86 என்ன பண்ணுச்சுன்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்கு தான் தெரியும். ஒரு டன் மக்காச்சோளத்துல சுமாரா 380 லிட்டர் எத்தனால் வரும். பெருக்கிப் பாருங்க, 27,000 ரூபாய்க்கு மேல. அது போக மிச்சம் நிக்கிற சக்கைய காயவச்சு டிடிஜிஎஸ்னு தனியா வித்துக்கலாம். வாங்குறதுக்கு எண்ணெய் கம்பெனிங்க ரெடியா நிக்குறாங்க, விலையும் முன்னாடியே ஃபிக்ஸ், ஆலை கட்ட வாங்குன கடனுக்கு வட்டியில மானியம், ஜிஎஸ்டி 5 சதவீதம் தான். இப்படி இருக்கிற எத்தனால் ஆலைக்காரன் கர்நாடகா தாவணகெரேயிலயோ பீகார்லயோ வந்து நின்னு விலை கேட்டா, முட்டை விலைய நம்பி இருக்கிற நாமக்கல் தீவன மில்லுக்காரன் அவன் கூட எப்படி போட்டி போட முடியும்? 2024ல மக்காச்சோளம் கிலோ 25 ரூபாயத் தாண்டிப் போச்சு, வெளிநாட்டுக்கு சோளம் ஏத்திவிட்டுட்டு இருந்த நாடு அந்த வருஷம் மியான்மார்ல இருந்தும் உக்ரைன்ல இருந்தும் கப்பல்ல இறக்குச்சு. கச்சா எண்ணெய் இறக்குமதிய குறைக்கத்தான் எத்தனாலே, இதுல 1 லட்சம் கோடிக்கு மேல அந்நியச் செலாவணி மிச்சம் ஆச்சுன்னு சொல்றாங்க, அந்த மிச்சத்துல இந்த சோளக் கப்பலுக்கு குடுத்த காச கழிச்சாங்களான்னு தெரிஞ்சா யாராவது எழுதுங்க.

முட்டை விக்கிற எங்களுக்கு விலைய ஏத்திக்க வழி இல்லைங்க. என்.இ.சி.சி.ங்கிற முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலை சொல்லும், வியாபாரி அதுல மைனஸ் போட்டு தான் எடுப்பாரு. முட்டை ஒண்ணுக்கு ஆகுற செலவுல 70 சதவீதம் போல தீவனமே தின்னுரும். அதுல சரிபாதி மக்காச்சோளம், அடுத்து சோயா புண்ணாக்கு, அப்புறம் தவிடு, சுண்ணாம்புக்கல், விட்டமின் ப்ரீமிக்ஸ்னு போகும். மக்காச்சோளத்துக்கு பதிலா கம்பு போடு, அரிசிக் குருணை போடுன்னு சொல்லுவாங்க, போடுறோம், கிடைக்கிறப்ப போடுறோம், ஆனா அந்த மஞ்சக்கருவோட நிறமும் அந்த எனர்ஜியும் அந்த விலைக்கு வேற எதுலயும் வராது.

ஒரு கணக்கு சொல்றேன், இத மட்டும் வெட்டாம போட்டுருங்க சார். ஒரு லேயர் கோழி நாளைக்கு 110 கிராம் போல தீவனம் எடுக்கும். வருஷத்துக்கு 40 கிலோ. அதுல பாதி, 20 கிலோ மக்காச்சோளம். இப்ப ஒரு கார் டேங்க் 40 லிட்டர்னு வச்சுக்கங்க, இ20 ஊத்துனா அதுல 8 லிட்டர் எத்தனால். 8 லிட்டர் எத்தனாலுக்கு 21 கிலோ மக்காச்சோளம் வேணும். அதாவது ஒரு தடவை டேங்க் ஃபுல் பண்ணுனா ஒரு கோழியோட ஒரு வருஷத்து சோளம் காலி. அந்தக் கோழி அந்த வருஷத்துல 300 முட்டை போடும், பள்ளிக்கூடத்து சத்துணவுல பிள்ளைங்க தட்டுல விழுற முட்டை தான் அது. இந்தப் பக்கம் 8 லிட்டர் எத்தனால், எனர்ஜி கணக்குல பாத்தா பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு தான் இருக்கும், அப்ப அஞ்சு லிட்டர் சொச்சம் பெட்ரோலுக்கு சமம். நாமக்கல்ல இருந்து சேலம் போயிட்டு வந்தா தீந்துரும்.

அந்த மூணுல ரெண்டு பங்கு கணக்கையே விலையிலயும் போட்டுப் பாருங்க. 71.86க்கு வாங்குற ஒரு லிட்டர் எத்தனால், ஒரு லிட்டர் பெட்ரோல் அளவுக்கு எனர்ஜி குடுக்கணும்னா ஒண்ணரை லிட்டர் வேணும், அப்ப 108 ரூபாய். வரி போடறதுக்கு முந்தி! 2025ல வரி இல்லாத பெட்ரோல் அதுல பாதிக்கு பக்கமா தான் நின்னுச்சு. இத யாரும் பங்க்ல போர்டு வச்சு எழுத மாட்டாங்க.

நேர்மையா ரெண்டு விஷயத்த சொல்லிடணும், இல்லேன்னா அடுத்த வாரம் யாராவது எழுதி என் காத பிடிச்சு திருகுவாங்க. ஒண்ணு, அந்த 21 கிலோவும் அப்படியே போயிரல, மாவுச்சத்து மட்டும் தான் எத்தனாலா போகும், ஒரு 6 கிலோ டிடிஜிஎஸ்ஸா திரும்ப தீவனத்துக்கே வருது, அதுல புரோட்டீன் நல்லா இருக்கும். ஆனா அதுலயும் ஒரு வம்பு. மாவு போயிட்டா மிச்சம் இருக்கிறது எல்லாம் மூணு மடங்கு கெட்டியாகுது இல்லையா, சோளத்துல பூஞ்சாண நச்சு கொஞ்சம் இருந்திருந்தா அதுவும் மூணு மடங்கு ஆயிரும். ஈரமா அறுத்த சோளத்துல அது இருக்கத்தான் செய்யும். கறிக்கோழி நாப்பது நாள்ல பண்ணைய விட்டு போயிரும், லேயர் ஒண்ணரை வருஷம் உயிரோட இருந்து தினம் முட்டை போடணும், ஈரல் கெட்டா முட்டை இறங்கிரும், அதனால எங்க ஆளுங்க டிடிஜிஎஸ்ஸ பாத்து பாத்து கொஞ்சமா தான் கலக்குறாங்க. அது சோயா புண்ணாக்கு விலைய கீழ இழுத்துருச்சுன்னு மத்தியப் பிரதேச சோயா விவசாயி ஒரு பக்கம் அழுவுறாரு, அது தனிக்கதை.

ரெண்டாவது, மக்காச்சோளம் போடுற விவசாயி. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரியில இத நம்பி இருக்கிறவங்க, 2018ல அமெரிக்கன் படைப்புழு வந்து காட்டையே தின்னப்ப கண்ணீர் விட்டவங்க, அவங்களுக்கு நாலு காசு கூட கிடைச்சா எனக்கு வயித்தெரிச்சல் இல்லைங்க. நானும் காடு வச்சிருக்கிற குடும்பம் தான். ஆனா எத்தனாலால விவசாயிக்கு நிலையான விலை கிடைக்கும்னு சொன்னாங்களே, அது நடந்துச்சா? 2025 நவம்பர்ல கர்நாடகாவுல ஹாவேரி, கதக் பக்கம் விவசாயிங்க ரோட்டுல உக்காந்தாங்க, ஆதரவு விலை குவிண்டால் 2,400, மார்க்கெட்ல அத விட பல நூறு கம்மியா கேக்குறாங்கன்னு. எத்தனால் வருதுன்னு எல்லாரும் சோளத்த போட்டாங்க, விளைச்சல் கூடிருச்சு, ஆலைங்க எவ்வளவு வாங்கணும்ங்கிறது டெல்லியில போடுற ஒதுக்கீட்டுல இருக்கு, அதே வருஷம் ஜனவரியில எஃப்.சி.ஐ. அரிசிய மறுபடியும் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனாலுக்கு திறந்துவிட்டாங்க, ஆலைக்காரன் எது சல்லிசோ அதுக்கு போவான். விலை ஏறுனப்ப எங்களுக்கு அடி, இறங்குனப்ப அவங்களுக்கு அடி, ரெண்டுலயும் அடி வாங்காத ஆளு யாருன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

கரும்புக்கு போலாமேன்னா அதுல தண்ணி. நிதி ஆயோக் அறிக்கையிலயே ஒரு லிட்டர் கரும்பு எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு இருக்கு. காவிரியில ஜூன் 12க்கு தண்ணி வருமா வராதான்னு பாத்துட்டு இருக்கிற மாநிலம் நம்மளது.

இதுக்கு முன்னாடி காட்டாமணக்கு வந்துச்சு, ஞாபகம் இருக்கும். 2003ல திட்டக்கமிஷன் சொல்லி, 2011-12க்குள்ள டீசல்ல 20 சதவீதம் காட்டாமணக்கு எண்ணெய்னாங்க, தரிசுல தண்ணி இல்லாம வளரும், ஆடு மாடு திங்காது, பணம் காய்க்கும்னாங்க. வளந்துச்சு, ஆடு மாடு திங்கல, அது வரைக்கும் உண்மை. தண்ணி விடாம காய் மட்டும் காய்க்கல. எங்க பக்கம் போட்டவங்க எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடியும் மரவள்ளி வச்சாங்க.

இவ்வளவும் சொல்றதால நான் உயிரி எரிபொருளே வேண்டாம்ங்கிற ஆளுன்னு நெனச்சிராதீங்க. வேணும், ஆனா தீவனத்துல இருந்து இல்ல, கழிவுல இருந்து. எங்க மாவட்டத்துல கோடிக்கணக்குல லேயர் இருக்கு. ஒரு கோழி நாளைக்கு 100 கிராமுக்கு குறையாம எச்சம் போடும், ஒரு கோடி கோழிக்கு நாளைக்கு ஆயிரம் டன். இது தினமும் வருது, மழை பெஞ்சாலும் பெய்யலேன்னாலும் வருது, இதுக்குன்னு யாரும் ஒரு ஏக்கர் உழ வேண்டியதில்ல, யூரியா போட வேண்டியதில்ல. இப்ப இது என்ன ஆகுதுன்னா, கேஜுக்கு அடியில குமிஞ்சு கிடக்கும், லோடு கணக்குல மஞ்சள் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் கேரளாவுக்கும் எருவா போகும், மழைக்காலத்துல லாரி வராம ஈரமா கிடந்தா புழு வச்சு ஈ கிளம்பிரும், சுத்துப்பட்டு ஊர்க்காரங்க சோத்துல ஈ உக்காருதுன்னு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பாங்க. அவங்க மேல தப்பே இல்ல, அந்த ஈய பாத்தவங்களுக்கு தெரியும். அது குமிஞ்சு கிடந்து அழுகுறப்ப வர்ற மீத்தேன் சும்மா ஆகாசத்துக்கு போகுது, சூட்ட பிடிச்சு வைக்கிறதுல கார்பன் டை ஆக்சைட விட பல மடங்கு மோசமான வாயு அது.

அத காத்து புகாம மூடுன டைஜஸ்டர் தொட்டியில விட்டா அதே மீத்தேன் கேஸ் ஆயிருது. பச்சை பயோகேஸ்ல மீத்தேன் 60 சதவீதம் போல இருக்கும், மிச்சம் பூரா கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது கூமுட்டை நாத்தம், அத எடுக்கலேன்னா இன்ஜின் அரிச்சிரும். சுத்தம் பண்ணி மீத்தேன் 90 சதவீதத்துக்கு மேல கொண்டுவந்து அழுத்தி சிலிண்டர்ல அடைச்சா சிபிஜி, சிஎன்ஜி வண்டி அப்படியே ஓடும், இன்ஜின்ல ஒண்ணும் மாத்த வேண்டாம். இது ஏதோ வெளிநாட்டு கதை இல்லைங்க, நாமக்கல் புதுச்சத்திரத்துலயே கோழி எருவ வச்சு இப்படி ஒரு ஆலை இருக்கு, இந்தியன் ஆயில் இண்டிகிரீன்னு பேர் வச்சு விக்குது.

அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் வரலேன்னு கேப்பீங்க. இதுல சிக்கல் இருக்கு, மறைக்க வேண்டியதில்ல. கோழி எருவுல நைட்ரஜன் ரொம்ப ஜாஸ்தி, தனியா போட்டா அமோனியா கட்டி மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர கொன்னுரும், கேஸ் படுத்துரும். அது கூட முட்டை ஓட்டுக்காக தீவனத்துல நாங்க போடுற சுண்ணாம்புக்கல் கிரிட்டு எச்சத்துலயே வந்துரும், அது டைஜஸ்டர் அடியில மண்ணு மாதிரி படிஞ்சு படிஞ்சு கொள்ளளவே பாதியாயிரும், எறங்கி வாரணும். சாணிய வச்சு டிசைன் பண்ணுன டைஜஸ்டர கோழி எருவுக்கு போட்டவங்க எல்லாம் இதுல தான் மாட்டுனாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரு பண்ணையில அப்படி கட்டிக் குடுத்த கான்ட்ராக்டர் ரெண்டாவது வருஷம் போனே எடுக்கல. ஆனா இதுக்கு வழி இருக்கு. முதல்ல ஒரு தொட்டியில கிரிட்ட படிய வச்சு எடுத்துரணும், கூட கார்பன் உள்ள சரக்க கலக்கணும். அந்த சரக்கும் இங்கயே இருக்கு சார். மோகனூர் கூட்டுறவு சர்க்கரை ஆலையில கரும்புச்சாறு வடிகட்டுன கழிவு, பிரஸ்மட் வருது, ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி மில்லுங்கள்ல மரவள்ளிக் கிழங்குச் சக்கை, திப்பி வருது, மரவள்ளிக் கழிவுத்தண்ணி வருது. அந்த ஜவ்வரிசி மில்லுக்காரங்கள்ல பல பேர் ஏற்கனவே கழிவுத்தண்ணிய மூடி வச்சு கேஸ் எடுத்து ஜெனரேட்டர் ஓட்டிட்டு இருக்காங்க, கரண்ட் பில் குறையுதுங்கிற ஒரே காரணத்துக்காக அவங்களா பண்ணுனது. முன்னாடி அந்த தண்ணி ஓடையில போறப்ப மூக்க பொத்திக்கிட்டு தான் பஸ்ல போகணும்.

அரசாங்கம் கண்டுக்கலேன்னும் சொல்ல முடியாது. 2018 அக்டோபர்ல சத்தத்தோட ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, பேரு சதத், 2023-24க்குள்ள நாடு முழுக்க 5,000 சிபிஜி ஆலைன்னாங்க. 2025ல பாத்தா நூத்துச் சொச்சம் தான் ஓடுச்சு. எத்தனால் டார்கெட்ட அஞ்சு வருஷம் முன்னாடியே முடிச்ச அதே மந்திரிசபை, அதே எண்ணெய் கம்பெனிங்க தான் இதையும் பாக்குறாங்க. வித்தியாசம் எங்கன்னா, எத்தனால் ஆலைக்கு சோளம் மூட்டையில வந்து இறங்கும், ஒரே தரம், குடோன்ல வச்சுக்கலாம், எத்தனால டேங்கர்ல ஏத்தி டிப்போவுல இறக்குனா காசு. எரு அப்படி இல்ல. இருபது பண்ணையில தினமும் போய் அள்ளணும், முக்காவாசி தண்ணி, லாரி வாடகை தின்னுரும், பண்ணைக்காரன் இன்னைக்கு தர்றேன்னுட்டு நாளைக்கு எரு வியாபாரி நூறு ரூபா கூட குடுத்தா அவனுக்கு ஏத்திருவான், என்னையும் சேத்து தான் சொல்றேன். கேஸுக்கு ஆரம்பத்துல கிலோ 46 ரூபாய்னு வச்ச விலையில யாரும் துணிஞ்சு இறங்கல. கேஸ் எடுத்தப்புறம் வர்ற எருக் கரைசல், ஸ்லரிய யாரு வாங்குறது? அதுல தான் தழைச்சத்து, மணிச்சத்து பூரா இருக்கு, மீத்தேனா போனது கார்பன் மட்டும் தானே, ஆனா யூரியா மூட்டை 45 கிலோ 270 ரூபாய்க்கு கிடைக்கிற நாட்டுல ஸ்லரிய டிராக்டர் வச்சு எவன் ஏத்துவான். டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகைன்னு 2023ல அறிவிச்சாங்க, அது உர கம்பெனி வழியா வர்றதுக்குள்ள விடிஞ்சிரும்.

இப்ப 2025-26ல இருந்து வண்டிக்கும் வீட்டுக்கும் போற கேஸ்ல 1 சதவீதம் சிபிஜி கலந்தாகணும், 2028-29ல 5 சதவீதம்னு கட்டாயம் ஆக்கியிருக்காங்க. நல்லது தான். ஆனா கட்டாயம் போட்டா மட்டும் எரு தானா நடந்து வராது. எத்தனாலுக்கு குடுத்த மாதிரி வட்டி மானியம், எரு அள்ளுற வண்டிக்கு மானியம், பண்ணைக்காரனுக்கு வருஷ ஒப்பந்தத்துல டன்னுக்கு இவ்வளவுன்னு எழுதிக் குடுத்து மாசா மாசம் பேங்க்ல பணம், இது நடந்தா நாமக்கல்ல ஒரு பண்ணைக்காரன் கூட எருவ வெளிய விடமாட்டான். ஒவ்வொரு பண்ணையிலயும் ஒண்ணு கட்டச் சொல்லி மானியம் குடுக்குற வேலை மட்டும் வேண்டாங்க, மானியத்துக்காக கட்டி ஆறு மாசத்துல செடி முளைச்சு கிடக்கிற சாண எரிவாயு குழிங்கள ஊருக்கு ஊர் பாத்துட்டோம். பத்து பதினஞ்சு கிலோமீட்டர் சுத்துல இருக்கிற பண்ணைங்களுக்கு பொதுவா ஒண்ணு, அத ஓட்ட தெரிஞ்ச ஆளு, அது தான் நிக்கும்.

மக்காச்சோள விஷயத்துல நான் கேக்குறது ரொம்ப சின்னது. 2023 டிசம்பர்ல சர்க்கரைக்காக கரும்புச்சாற நிறுத்துனாங்க இல்லையா, அதே மாதிரி சோள விலை ஒரு அளவத் தாண்டுனா எத்தனால் ஆலைங்க வாங்குறத அந்த சீசனுக்கு குறைக்கணும், ஆதரவு விலைக்கு கீழ போனா கூட வாங்க விடணும். ரெண்டு பக்கமும் ஆடுற மாதிரி ஒரு விதி, அவ்வளவு தான். தமிழ்நாடு அரசும் 2023ல எத்தனால் கொள்கைன்னு ஒண்ணு போட்டிருக்கு, இங்க புதுசா தானிய ஆலைங்க வரப்போகுதுன்னா, அதுங்க பெரம்பலூர் சோளத்துல வாய் வைக்கிறதுக்கு முன்னாடி எங்க கிட்டயும் அந்த விவசாயிங்க கிட்டயும் ஒரு கூட்டம் போட்டு கேக்கட்டும்.

உங்க நிருபர் யாராவது நாமக்கல் வந்தா புதுச்சத்திரம் ஆலையையும் ஒரு ஜவ்வரிசி மில்லையும் போய் பாத்துட்டு எழுதச் சொல்லுங்க. ஐப்பசி மழையில வந்தா இன்னும் நல்லது, எங்க பண்ணை ஈயையும் சேத்து பாத்துக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு லேயர் கோழிப்பண்ணைக்காரன்,
நாமக்கல் மாவட்டம்.